தாளில் இல்லாத கீரை

எங்கள் நைனா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகன் வணங்கி எழுதுவது.

நைனா தொண்டூரில் பிறந்தார். ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பம். பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் செஞ்சிக்கு வந்து, உடம்பு இடம் கொடுத்தவரை நெல் மூட்டை தூக்கினார். அந்த முதுகுதான் என்னைப் பட்டப்படிப்பு வரை சுமந்தது. வீட்டுக்கு வரும் காகிதம் கரண்ட் பில்லோ கல்யாணப் பத்திரிகையோ, நான் வந்து படிக்கும்வரை சாமி படத்துக்குப் பின்னால் காத்திருக்கும்.

மூட்டை தூக்குவதை விட்ட பிறகு அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஐப்பசியில் சுவிஸ் சார்ட் என்ற வெளிநாட்டு இலைச்செடியின் விதை வாங்கிக் கொடுத்தேன். ஊறவைத்து வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினோம். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வந்தது. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும் என்று பாக்கெட்டைப் படித்துச் சொன்னேன்.

“பொழச்சி வந்தத எதுக்குடா கிள்ளணும்?” என்றவர், கூடுதல் கன்றுகளைப் பெயின்ட் டப்பாக்களில் நட்டு உங்களில் பலருக்குக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைப் பாறை விடும் சூடு தாக்காமல் அம்மாவின் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினார். மார்கழியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தண்டு தடித்தது. “இன்னாயா இது, லிப்ஸ்டிக் போட்டுக்கினு நிக்குது!” என்று சிரித்த அம்மா, முளைக்கீரை என்ற நினைப்பில் ஒன்றை வேரோடு பிடுங்கிவிட்டார். நைனா அன்று முழுவதும் அம்மாவோடு பேசவில்லை. மறுநாள் தாமே செய்து காட்டினார்: வெளி இலையை மட்டும் அடியில் முறுக்கி ஒடிக்க வேண்டும்; நடுக்குருத்தைத் தொடக்கூடாது.

அந்த மாதமே அவருக்குக் கிட்னி பழுது என்று தெரிந்தது. சாப்பிடக்கூடாதவற்றை ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். வாழைப்பழம், இளநீர், பாலக்கீரை என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.

நைனா தோட்டத்தைப் பார்த்தார். “அப்போ இது? இதுவும் கீரதான?”

தாளில் மறுபடி தேடினேன். சார்ட் என்ற பெயர் இல்லை. “இது பீட்ரூட் ஜாதி நைனா. தாள்லயே இல்ல. சாப்டலாம்.”

“படிச்சவன் சொல்லிட்டான்” என்று அம்மாவிடம் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் கடைந்து சாப்பிட்டார்.

தையில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. “கீரை குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இல்ல சார்” என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். செல்போனில் இருந்த செடியின் படத்தைக் காட்டினேன்.

“இதுவும் கூடாது தம்பி. பொட்டாசியம் ஜாஸ்தி.” ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, “இதனாலதான்னு சொல்ல முடியாது. நோய் முத்திப்போச்சு” என்றார்.

இதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. மாசி பிறந்த நான்காம் நாள் நைனா காலமானார்.

செடிகள் தளிர்ப்பதை நிறுத்தவில்லை, ஆடி வரை இலை விட்டன. காலையில் பல் தேய்க்கும்போது இலை ஒடியும் சத்தம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். இன்றும் கேட்கிறது. அதையும், சாப்பிடலாம் என்று நான் சொன்னதையும் ஒருநாள் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

“அது கீரன்னு அவருக்குத் தெரியாதா? கீர தின்னே வளந்த மனுசன். நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னுதான் பயந்துக்கினு இருந்தாரு.”

அம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, அனுமதி கேட்டிருக்கிறார். நானும் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்ற மாமாவுக்கும், கடைசிவரை உடனிருந்த நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு ஆக்கிப்போட்ட தெருப் பெண்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். நைனா கொடுத்த கன்று உங்கள் வீட்டில் இருந்தால், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு அதைச் சமைத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவமனைத் தாள் எதுவானாலும் தயங்காமல் என்னிடம் கொண்டு வாருங்கள். தெரிந்ததைப் படித்துச் சொல்கிறேன். தெரியாத சொல் வந்தால், தெரியாது என்று சொல்லி, உங்களோடு டாக்டரிடம் வருகிறேன்.