பழைய அஞ்சு

மணியடிப்பதற்கு முன்னால் மதுரைவீரன் ஒரு தடவை அண்ணாந்து சூரியனைப் பார்ப்பான். கடிகாரம் வாத்தியார் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தலையாட்டுகிறவரும் அவர்தான். இருந்தாலும் சூரியனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மதுரைவீரன் வழக்கம். பிறகு இரும்புக் கம்பியை ஓங்கி, பூவரச மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் நாலு போடு போடுவான். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவன் முகம் அப்போது அவனுக்கு.

பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லாவாக இருந்த காலம். குரும்பலூருக்கு மேற்கே, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் அவன் அஞ்சாம் வகுப்பு. மூன்றாவது வருஷமாக அஞ்சாம் வகுப்பு. மேலுதட்டில் பூனைமயிர் வந்துவிட்டது. பித்தான் இல்லாத கால்சட்டையை அரைஞாண் கயிற்றில் செருகியிருப்பான். பொடியன்கள் முகத்துக்கு நேரே 'அண்ணே' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'பழைய அஞ்சு'. தூணோரம் அவன் இடம். எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து அந்தத் தூணில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. கல்வித் துறையில் அவன் பதித்த தடம் அது ஒன்றுதான்.

வைத்திலிங்கம் சாரின் சைக்கிளைத் துடைப்பதும், பானையில் தண்ணீர் ரொப்புவதும், அவருக்கு வெற்றிலை வாங்கி வருவதும் அவன் பொறுப்பு. சார் அவனை மனசார வைததில்லை. பாஸ் போட்டு அனுப்பிவிட்டால் இன்னொருத்தனைப் பழக்கி எடுக்க வேண்டுமே.

வீட்டில் கதையே வேறு. முதல் தடவை பெயிலான அன்று, அம்மா பொன்னம்மாள் விளக்குமாற்றை எடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"பெயிலுன்னு எவஞ் சொன்னான்? சாரு என்னய விட மாட்டேங்கிறாரும்மா. நீயும் போயிட்டா பள்ளிக்கூடத்த யாருடா பாத்துக்குறதுங்கிறாரு."

பொன்னம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். தங்கச்சி மலர்க்கொடியோ அதை மனப்பாடம் செய்துகொண்டு, 'எங்கண்ணன சாரு விட மாட்டேங்கிறாரு' என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

இந்தப் பெருமைக்கு அவளாலேயே ஆபத்து வந்தது. அவள் நாலாம் வகுப்புக்கு ஏறிவிட்டாள். இப்போதைக்கு அடுத்த அறை. முழுப் பரீட்சையில் பாஸாகிவிட்டால் நேரே இவன் பக்கத்தில் வந்து உட்காருவாள். இவன் முட்டி போடுவதைப் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் சொல்லுவாள்.

தானும் பாஸாகிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது மதுரைவீரனுக்குத் தோன்றவில்லை. அவளைப் பெயிலாக்கிவிடுவது என்று முடிவு செய்தான். நாலாம் வகுப்பு டீச்சர் பெரம்பலூரிலிருந்து வருகிறவர். பஸ்ஸைத் தவறவிடாத நாள் குறைவு. எனவே பாடம் சொல்லித் தருகிறேன் என்று அண்ணன் கூப்பிட்டதும் மலர்க்கொடி ஓடி வந்தாள். ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டுக்கொண்டே, எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான்.

தப்பாகச் சொல்வதற்குச் சரியானது தெரிந்திருக்க வேண்டும். மதுரைவீரனோ கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவன். ஆடிப் பெருக்குக்கு மாமன் அவனை முக்கொம்புக்குக் கூட்டிப் போனபோது ஒரு ஆள் மதகுக் கதவைத் தூக்கினான், காவிரி வந்தது. ஆகவே காவிரி பிறப்பது முக்கொம்பில். கலெக்டர் இருப்பது பெரம்பலூரில். அவருடைய ஜீப்பையே பார்த்திருக்கிறான். இந்த உண்மைகளைத் தங்கச்சிக்குத் தராமல் ஒளித்துக்கொண்டு, வாய்க்கு வந்த பொய்களை அவிழ்த்துவிட்டான். காவிரி குடகில் பிறக்கிறது. கலெக்டர் திருச்சியில் இருக்கிறார்.

வருஷக்கணக்காகத் தூணோரம் காதில் விழுந்த பாடமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றால், அவன் பொய்களைப் போட்டுவைக்கும் மூலையில். நிஜம் சொல்ல வாயைத் திறந்தால் முக்கொம்பு வந்தது. பொய் சொல்லத் திறந்தால் பாடப்புத்தகம் வந்தது.

மலர்க்கொடி பாஸ், வகுப்பிலேயே முதலாவதாக. மதுரைவீரன் தன் பரீட்சையில் மட்டும் யோக்கியமாக உண்மையையே எழுதி, இருந்த இடத்திலேயே இருந்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவள் பையோடு தூணோரம் வந்து, "தள்ளி ஒக்காருண்ணே" என்றாள். தள்ளினான். புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் பழையவனை வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம் என்று சாருக்குத் தோன்றிவிட்டது.

"எந்திரிடா பழைய அஞ்சு. காவிரி எங்க பொறக்குது, சொல்லு."

எழுந்தான். கீழேயிருந்து கால்சட்டையை இழுத்தது ஒரு கை.

"குடகுண்ணே," என்று கிசுகிசுத்தாள் மலர்க்கொடி. "நீதான சொல்லிக்குடுத்த."

அவளைக் குனிந்து பார்த்தான். தன் வாயால் கட்டிவிட்ட பொய் தனக்குத் தெரியாதா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"முக்கொம்பு சார்."

"வருஷா வருஷம் அங்கயேதான் பொறக்குதாடா?" என்று சார் பிரம்பை எடுத்தார். எடுத்த கையோடு தங்கச்சியைக் கேட்டார். அவள் எழுந்து, குடகு என்றாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"எங்கண்ணன் சார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்தபடியே அவன் வலது உள்ளங்கையில் இரண்டு வைத்தார். மலர்க்கொடி சிரிக்கவில்லை. தான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. பிரம்பு விழுந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மதுரைவீரன் எழுந்து மரத்தடிக்குப் போனான். தங்கச்சி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. வலது கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, கம்பியை இடது கையால் எடுத்து அடித்தான்.