கல்லாகிப் போன ரத்தக்குழாயும் ஏகாம்பரம் அண்ணாவும்

டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை என்பது ஊசி குத்துவது பாதி, திட்டு வாங்குவது பாதி. என்னைப் போல ஆறு மெஷினுக்கும் ஆறு கோபத்துக்கும் நடுவில் நிற்கும் சகாக்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வெறும் வயிற்று மாத்திரை

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் ஏகாம்பரம் அண்ணாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் எங்கள் மெஷினில் ரத்தம் சுத்தமாகும். குழாய் நனைந்தால் சீழ் பிடிக்கும் என்பதால் தலைக்குக் குளிக்கக் கூடாது. அப்படியும் இரண்டு முறை காய்ச்சல் வந்து பிழைத்தார்.

மாதாமாதம் அவர் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. அது சுண்ணாம்போடு சேர்ந்து ரத்தக்குழாயைக் கல்லாக்கிவிடும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மாத்திரையைச் சோற்றோடு மென்று தின்ன வேண்டும். இவரோ தறிக்குழியில் இறங்கினால் மதியம்வரை எழ மாட்டாராம். மூன்று வேளை மாத்திரையையும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். கத்திவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "மருந்தும் சோறும் ஒண்ணா துன்னா சோத்துக்கு இன்னாமா மரியாதை?"

பந்தியில்

மறுநாளே அவர் மனைவி கன்னியம்மா பொறுப்பேற்றார். சோறு போட்டதும் மாத்திரையையும் தட்டில் வைத்துவிடுவார். பாஸ்பரஸ் இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணப் பந்தியிலும் சாம்பாருக்கு முன்னால் இலையில் மாத்திரை விழுந்ததாம். தனக்கு மட்டும் வைக்கவில்லையே என்று பக்கத்து இலைக்காரர் கேட்க, கன்னியம்மா சொன்னது: "உங்களுக்கு சோறு போதும்பா, இவருக்கு இதான் மொத பதார்த்தம்."

எக்ஸ்ரே

கழுத்துக் குழாயை எடுக்க வேண்டுமானால், மெஷின் ஊசி போட வழியாகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு ரத்தக்குழாய் எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. படிந்த சுண்ணாம்பு கரையாது, இனிமேல் படியாமல் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார் சர்ஜன். முழங்கை மடிப்பில் மட்டும் மெத்தென்று கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு முறை முயலலாம், தவறினால் கழுத்துக் குழாய்தான் கதி. அண்ணா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அறுந்த இழைய நல்ல எடத்துல முடிஞ்சா நிக்கும்மா. தைக்கச் சொல்லு."

ஈரத் தலை

தைத்து ஆறு வாரம் கழித்து முதல் ஊசியை நான்தான் போட்டேன். தோலுக்கு அடியில் விர்ரென்று ரத்த ஓட்டம். மெஷின் ஒரு முறைகூட அலறவில்லை. வெட்கமே இல்லாமல் நாங்கள் கைதட்டினோம். சில வாரத்தில் கழுத்துக் குழாய் வெளியே வந்தது. புண் ஆறிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அண்ணா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து படுத்தார். துவட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று கேட்டேன். "ஒம்போது மாசம்மா. கொஞ்ச நேரம் சொட்டட்டும்."

எங்கள் தொழிலில் பெரிய வெற்றி என்றால் இப்படித்தான், நனைந்த தலையணை உறையை மாற்றும் வேலையும் சேர்ந்தே வரும்.