அக்காவின் கண்ணில் படிந்த செம்பு

டாக்டர் சின்ன டார்ச்சை அடித்து, அக்காவின் கண்ணை என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் விளிம்பைச் சுற்றி மங்கிய பழுப்பு வளையம். செம்பு, என்றார். கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு வருடமாகவே அக்காவுக்குக் கை நடுங்கியது. சரோஜினி நகர் கடைகளுக்கு பட்டன் தைத்துக் கொடுத்தவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பேச்சும் குழறியது. எங்கள் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் காற்று, கருப்பு என்றார்கள். அம்மா தாயத்து கட்டினாள்.

உடம்புக்குச் செம்பு அயனி கொஞ்சம் வேண்டும். அது இல்லாமல் ரத்தம்கூடச் சரியாக ஊறாது. மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். அக்காவின் கல்லீரலுக்குப் பிறவியிலேயே அந்த வேலை வரவில்லை. மிஞ்சியதெல்லாம் மூளையிலும் கண்ணிலும் படிந்துகொண்டே இருந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "உடம்புல செம்பு ஏறிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே அம்மா, உடம்புக்கு நல்லது என்று வருடக்கணக்காகக் குடிதண்ணீர் பிடித்து வைத்த செம்புக் குடத்தைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டுவிட்டாள். அக்கா குழறலோடு சிரித்தாள். "என்னையும் சேத்துப் போடும்மா. எடை நல்லா நிக்கும்." அம்மா சிரிக்கவில்லை.

மறுமுறை போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேட்டா, அம்மாவும் அப்பாவும் சொந்தமா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம், அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன், என்றேன். இரண்டு பக்கத்திலிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் இந்த நோய், சொந்தத்துக்குள் அப்படிச் சேருவது சுலபம், என்றார். அம்மாவுக்கோ அந்தக் கல்யாணத்தில் இன்றும் பெருமை. "வெளியில குடுத்திருந்தா என்னை யாரு இப்படி வச்சுப் பாத்திருப்பா?"

மருந்து தொடங்கும்போதே கல்லீரல் கெட்டிருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அக்கா போய்விட்டாள்.

இப்போது நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். செம்பு அயனியின் நீல நிறத்தைக் கரும்பலகை முன் நின்று என்னால் சாதாரணமாகப் பேச முடிகிறது. அம்மா மட்டும் ஒரே கேள்வியில் நிற்கிறாள். "கொடத்த அப்பவே தூக்கிப் போட்டிருந்தா பொழைச்சிருப்பாளாடா?"

இல்லை என்று சொன்னால், பின்னே எதனால என்று கேட்பாள்.

"இருக்கலாம்மா" என்கிறேன்.

குடத்தையாவது தூக்கிப் போட முடிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "மாமா, சாப்பிட வா" என்று அப்பாவைக் கூப்பிடுகிறாள்.