நான் பிடுங்கிப் போட்ட மஞ்சள் உளுந்து

நான்கு வருடத்துக்கு முன்னால், பங்குனிக் கடைசியில் நடந்தது இது. கொடும்பாளூர் பக்கம் ஒரு பயறு ஆராய்ச்சி வயல் இருந்தது. களை எடுக்கப் பெண்கள் ஆறு பேர் அங்கே கூலிக்குப் போனோம். ஆறு பேரில் நான்தான் மூத்தவள். நான் சொன்னால் மற்றவர்கள் செய்வார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்த அளவில் எழுதுகிறேன்.

வயலுக்குப் பொறுப்பு ஒரு மேடம். முப்பத்தைந்து வயது இருக்கும். செடிகளைப் பற்றியே டாக்டர் பட்டம் வரைக்கும் படித்தவர். வெளிநாட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆனாலும் வேலை நிரந்தரம் இல்லை. மூன்று வருட ஒப்பந்தம், அந்த ஆனியோடு முடிகிறது. ஆராய்ச்சி தேறினால்தான் அடுத்தது. அவருடைய அம்மா போனில் தினமும் அதையேதான் கேட்பார். மேடம் வரப்பில் நின்றுகொண்டு, இந்த விதைப்புப் பட்டம் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

உளுந்துக்கு மஞ்சள் தேமல் என்று ஒரு நோய் வரும். இலை மஞ்சளாகிவிடும், காய் பிடிக்காது. வெள்ளை ஈ அதை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். வெயில் காலத்தில்தான் அதிகம். அந்த நோய் தாக்காத உளுந்தைக் கண்டுபிடிப்பதுதான் மேடத்தின் வேலை. முதல் வருடம் நூற்றுக்கணக்கில் வகை விதைத்தார்களாம். கழித்துக் கழித்து இரண்டாம் வருட முடிவில் ஏழு வகை மிஞ்சியது. அப்போதெல்லாம் வேறு ஊர் ஆட்கள் வேலை செய்தார்கள். நாங்கள் போனது மூன்றாம் வருடம். அந்த வெயிலிலும் ஏழும் பச்சையாக நின்றுவிட்டால் மேடம் ஜெயித்தார்.

இலையைக் கிள்ளிச் சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, கோயம்புத்தூர் லேபுக்குக் கொண்டுபோவார். "மேடம் கட்டுமாவடிக்கு மீனு ஏவாரத்துக்குக் கெளம்பிட்டாங்க" என்று நாங்கள் கேலி செய்வோம். "ஒங்களுக்கு என்ன மீனு வேணும்க்கா?" என்று என்னைக் கேட்பார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இலைக்குள்ளே அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நோய் வந்து தட்டினால் மற்ற செடி எல்லாம் கதவைத் திறந்து விடுகிறது, இந்த ஏழு மட்டும் ஏன் திறப்பதில்லை என்று பார்க்கிறேன் என்றார். எனக்கு அது புரிந்தது.

ஏழு வகையிலும் கை வைக்கக் கூடாது என்று தினமும் சொல்வார். நாங்கள் வைத்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் ஒரு வரிசை சாதாரண உளுந்து போட்டிருந்தார். அது முப்பது நாளில் மஞ்சளாகிவிட்டது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆட்களுக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார். வரிசைக்கு முன்னால் இங்கிலீஷில் எழுதிய அட்டை மட்டும் குத்தியிருந்தது. நாங்களும் கேட்கவில்லை. கூலிக்குப் போகிற இடத்தில் ஏன் எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

அந்த வாரம் மேடம் நான்கு நாள் கோயம்புத்தூர் போய்விட்டார். மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். மேலதிகாரி பார்வைக்கு வருகிறார், வயல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுற்றிப் பார்த்தேன். சுத்தம் என்றால் எனக்கு அந்த மஞ்சள்தான் கண்ணில் பட்டது. உளுந்தில் மஞ்சள் கண்டால் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அதிகாரி பார்த்தால் மேடத்துக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். மேடம் வந்ததும் கேட்டுவிட்டுப் பிடுங்கலாமே என்று கூட வந்த ஒருத்தி சொன்னாள்.

"சீக்க வேடிக்கை பாக்கவாடி ஒனக்குக் கூலி குடுக்குறாங்க?" என்று அவள் வாயை நான்தான் அடைத்தேன்.

மத்தியானத்துக்குள் அத்தனை வரிசையும் காலி. ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தினோம்.

மேடம் வந்த அன்று நானே முன்னால் போய்ச் சொன்னேன், ஒரு மஞ்சள் செடி இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று என்று. பாராட்டுவார் என்று நின்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசை வரிசையாக நடந்தார். கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். திட்டவில்லை.

"அதுலேருந்துதாங்க்கா ஈ நோயக் கொண்டாந்து இதுல விடணும். விட்டும் தாங்குதான்னு பாக்கத்தான் அத வச்சிருந்தேன்" என்றார்.

நோயே இல்லாத வயலில் எல்லா உளுந்தும்தான் பச்சையாக நிற்கும். அந்த ஏழும் பச்சையாக நின்று என்ன பயன்? மறுபடி விதைத்து நோய் ஏற்றுவதற்குள் வெயிலும் போய்விடும், ஆனியும் வந்துவிடும். அவர் விளக்கிச் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு பிடுங்குனது? பேரச் சொல்லுங்க. அந்த ஆளு நாளையிலேருந்து வர வேணாம்."

அப்போது என் வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. மேடத்துக்கும் அது தெரியும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லாமப் போனது என் தப்பு சார்" என்றார் மேடம்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மேடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டவில்லை. கூலியாள் தெரியாமல் செய்த தவறு என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு பட்டம் விதைக்க விட்டிருப்பார்கள், கவனக்குறைவு என்று அவர் பெயரிலேயே எழுதியதால் போயிற்று என்று ஜீப் டிரைவர் சொன்னார். நிஜமா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

கிளம்பும் அன்று மேடம் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும் வந்தார். "வாரேங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

இப்போது திருச்சியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். அந்த ஏழு வகை விதை என்ன ஆயிற்று என்று தெரியாது. இந்த வருடமும் எங்கள் ஊரில் பாதி உளுந்து மஞ்சளாகிக் கிடக்கிறது.

தெரியாமல் பிடுங்கியதை மேடம் என்றைக்காவது மன்னிப்பார், ஆனால் அவர் என்னைப் பார்த்தபோது தெரிந்தே தலையைக் குனிந்தேனே, அதை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.