எங்கள் வீட்டு மலாய்

நெற்றியில் பொட்டு, கழுத்தில் விநாயகர் டாலர், வாயில் தமிழ் இல்லை. காஜா பெராங்கில் பிறந்த செட்டிப் பெண் நான். எங்கள் ஆட்கள் தமிழகத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. சாமி நின்றது, பாஷை போய்விட்டது. வீட்டில் மலாய்தான் பேசுவோம். அதுவும் புத்தக மலாய் இல்லை, எங்களுக்கென்று ஒரு மலாய். இன்று நான் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது எந்த வாத்தியார் போட்ட பிச்சையும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் தமிழ்ப் பள்ளிகளிலும் மலாய் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. இந்துப் பெண், மலாய் தெரியும் என்று என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா இல்லாத வீட்டில் சம்பாதிக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

முதல் நாள் தலைமையாசிரியர் என்னிடம் தமிழில் ஏதோ கேட்டார். விழித்தேன்.

"பொட்டு பெருசாத்தான் இருக்கு. தமிழ் எங்கம்மா போச்சு?" என்றார்.

அது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. மற்ற ஆசிரியர்கள் சிரித்தது உடனே புரிந்தது.

என் வகுப்பில் இருந்தவர்கள் முனிசிபல் தொழிலாளிகளின் பிள்ளைகள். பாதிப் பேரின் பெற்றோர் கப்பலில் வந்து இறங்கியவர்கள். நான் புத்தகத்தை வாசிப்பேன், பிள்ளைகள் திரும்பக் கத்துவார்கள். ஒன்றும் ஏறாது. விளக்க எனக்குத் தமிழ் இல்லை, கேட்க அவர்களுக்கு மலாய் இல்லை. வெறுத்துப்போய், இடைவேளையில் அவர்களோடு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

வகுப்பிலேயே பெரிய வாயாடி ஒருத்தி இருந்தாள். தன் சோற்றைக் காட்டி, "டீச்சர், இது கருவாடு. சொல்லுங்க" என்பாள்.

"கருவாரு."

"ஐயே! நாக்க மடிங்க டீச்சர். உங்க நாக்கு என்ன கட்டையா?"

எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. கருவாட்டுக்கு மலாயில் என்ன என்று நான் சொல்வேன். இப்படியே அவர்கள் வீட்டுச் சண்டை, எங்கள் வீட்டுச் சமையல் எல்லாம் இரண்டு பாஷையிலும் ஓடியது. பாடம் இல்லாத நேரத்தில் முதலாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். பிள்ளைகளோ சந்தையில் மீன்காரனிடம் மலாயில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு தாய் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்க்காரர், அமைதியான மனிதர். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் வாயாடி எழுந்து கேட்டாள்:

"லூ சுடா மாக்கான்?"

நீ சாப்பிட்டாயா என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் 'லூ' என்பது தெருவில் சொல்லும் 'நீ'. அதிகாரியிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

அவர் சிரித்தார். இன்னும் இல்லை என்றார். அவ்வளவுதான், வகுப்பே பிடித்துக்கொண்டது. ஏன் சாப்பிடவில்லை, எத்தனை பிள்ளைகள், வாசலில் நிற்கும் கார் யாருடையது? எல்லாம் மலாயில். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். 'லூ' காதில் விழுந்ததும் முகம் கறுத்தது. "மன்னிக்கணும் துவான். இது செட்டி வீட்டு மலாய். கொச்சை" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைகள் பேசுகிறார்கள். மற்றப் பள்ளிகளில் ஒப்பிக்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு பரீட்சைக்கு உதவாது. அடுத்த தவணை வருவேன். புத்தகத்தில் இருப்பதுபோல இருக்க வேண்டும்."

என் அம்மா பேசும் பேச்சு அது. கொச்சை என்று அந்தத் தலைமையாசிரியன் சொல்கிறான், நான் காதுமடல் சுடத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அவன் சொன்னது உண்மை என்றே அப்போது நம்பினேன், அது இன்னொரு பக்கம்.

மறுநாள் முதல் மரத்தடி இல்லை. புத்தகம், மறுபடியும் புத்தகம். 'லூ' என்று வாயெடுத்தவர்களின் உள்ளங்கையில் அடிக்கோல் விழுந்தது. அடித்தது நான்தான்.

அடுத்த தவணை இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டார். பிள்ளைகள் எழுந்து, கை கட்டி, ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு பிழை இல்லை. அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமாயிற்று.

"இப்பத்தாம்மா டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் தமிழ் இப்போது எனக்குப் புரிந்தது. பூரித்துப்போனேன். கேவலம்.

அவர்கள் போனபின் மணி அடிக்க நேரம் இருந்தது. "சரி, இனிமே பயமில்ல. ஏதாச்சும் பேசுங்க" என்றேன், அந்தப் பிள்ளைகள் கொடுத்த தமிழில்.

பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வாயாடி எழுந்தாள். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"எந்தப் பக்கம் டீச்சர்?"