ஒரே அமுக்கில் மாறிய திகதிகள்

போர் நடந்த காலத்தில், கனடாவிலிருந்த தங்கையும் நானும் குடும்ப வரலாற்றைக் கணினியில் பதிந்து வந்தோம். அவள் மாதத்தை முன்னால் எழுதுவாள். நான் நாளை முன்னால் எழுதுவேன். அவளுடையவற்றைத் திருத்த நினைத்து, எல்லாத் திகதிகளிலும் நாளையும் மாதத்தையும் ஒரே அமுக்கில் இடம் மாற்றினேன். சரியாக இருந்தவையும் புரண்டதை நான் கவனிக்கவில்லை.

வீட்டிலிருப்போர் பட்டியல் கேட்டு இராணுவத்தினர் வந்தபோது, அதிலிருந்தே அச்சிட்டுக் கொடுத்தேன். மகனின் அடையாள அட்டையில் 3/4, சித்திரை மூன்று. என் தாளில் 4/3, பங்குனி நான்கு.

"இது வேற ஆளா?" என்று கேட்ட சிப்பாய், அவனை வாகனத்தில் ஏறச் சொன்னார். மனைவி மகனின் பிறப்புச் சான்றிதழோடு ஓடி வந்தாள்.

"ஐயா, பிள்ளையில பிழையில்லை. இந்த மனுசன்ர கொம்பியூட்டரிலதான் பிழை!"

சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு மகனை இறங்கச் சொன்னார்.

இப்போது அவரவர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு திகதிகளை ஒவ்வொன்றாகவே திருத்துகிறேன். மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். முதலில் எழுதியது, மகனின் சித்திரை.