உள் அளவு

என் கணவருக்கு எங்கள் தெருவில் வக்கீல் என்று பெயர். நீதிமன்றப் படியை அவர் மிதித்ததே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை படங்களுக்குச் சட்டம் போடுகிறார், அதனால் எதிர்க்கடைச் சாவிக்காரர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருமுறை நிஜமாகவே ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து, "பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டிட்டான் சார், கேஸ் நிக்குமா?" என்று கேட்டார். இவர் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிக்கும். கண்ணாடி போட்டா இன்னும் நல்லா நிக்கும்" என்றார்.

கடையில் மர வேலை அவருடையது, கண்ணாடி வெட்டுவது நான். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். மாடியில் ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டால் ஒருவர் கடைக்கு இறங்கிவிட வேண்டியதுதான், வேறு இடமில்லை. அந்த வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதுவும் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்த கதை இது.

காரணம் என் நாத்தனார். இவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் போய் எட்டு வருஷமாயிற்று, பிள்ளைகள் இல்லை, ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் தனியாக இருக்கிறார். போன வருஷம் இடது முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்தது. "வரவேணாம்டா, நீ வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்தா கால் சரியாயிடுமா?" என்றார். இவரும் போகவில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற வர்க்கம் இது. படுக்கையில் கிடந்த மூன்று மாதத்தில் அண்ணி கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டப் பழகினார். முப்பது வருஷம் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் நின்றே பயணம் செய்தவருக்கு அப்படி என்ன வெறியோ, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களையெல்லாம் வெளுத்து வாங்குகிறார்.

ஒரு புதன்கிழமை போன் வந்தது. திங்கட்கிழமை வலது கால் என்றார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்று இவர் கேட்டார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று பதில். பிறகு மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்ற வழக்கமான கணக்கு. கடைசியில் சொன்னார்:

"ஆபரேஷனுக்கு முன்னாடி உன்கூட ஒரு ரேஸ் ஓட்டணும்டா. ஞாயித்துக்கிழமை மூணு மணி. ஒரு கம்ப்யூட்டர் வாங்கேன்."

இதுவரை அண்ணி தம்பியிடம் எதையும் வாங்கு என்று கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு இவர் ரொம்ப நேரம் மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் அப்படித்தான் ஊதுவார். இரண்டாவதாக ஒரு மூலை வெட்டும் இயந்திரம் வாங்குவதற்கென்று ஒதுக்கி வைத்த தொகை ஒன்று இருந்தது. "அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

வியாழனும் வெள்ளியும் கடையில் ஒரு படமும் நகரவில்லை. இவர் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒரு சாதாரணப் படத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கவே அரை நாள் எடுக்கிற மனுஷர், பிராசஸர் என்கிற மூளைக்கு எவ்வளவு நேரம் எடுத்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் தன் கல்யாணப் படத்தை வாங்க வந்து, இவரோடு சேர்ந்து முக்கால் மணி நேரம் மெமரியைப் பற்றி விவாதித்துவிட்டுப் படத்தை மறந்து போய்விட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர் புத்தி தெளிவாக வேலை செய்தது. "நம்ம தொழில்தான் இதுவும். நல்ல படமா இருந்தா கண்ணாடிக்குச் செலவு பண்ணு, மரத்துல மிச்சம் பிடி. ரேஸுக்குப் படம்தான் முக்கியம். படத்தைக் காட்டுறது கிராஃபிக்ஸ் கார்டு. அதுக்குப் பெரும்பங்கு. மத்ததெல்லாம் சுமாரா இருந்தாப் போதும்." அப்படியே ஆயிற்று. நடுத்தரப் பிராசஸர், அதற்கு ஏற்ற சின்ன மதர்போர்டு, தேவையான அளவு மெமரி. திரைக்குப் பழைய டிவியே போதும்.

எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது கேபினெட்டில்தான், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற பெட்டியில். பக்கவாட்டில் முழுக் கண்ணாடி போட்ட ஒன்று இருந்தது. கண்ணாடி வெட்டிப் பிழைக்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. விளிம்பைப் பட்டை தீட்டியிருந்த அழகைச் சொல்லி மாளாது. ஆனால் டிவிக்குக் கீழே இருக்கிற ஒரே தட்டில் அது தலைகீழாக நின்றாலும் நுழையாது. "அதை உள்ள வச்சா நாம வெளிய படுக்கணும்" என்றார். கடைசியில் தகரத்தில் செய்த, முன்பக்கம் வலை அடித்த, ஒரு சின்னப் பெட்டி தேர்வானது. எனக்கு ஒரு நாள் பூரா வருத்தம்.

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் நிதானமான மனிதர். பட்டியலைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்" என்று சொல்லி அதை ஒரு படி ஏற்றினார், வண்ண விளக்குகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். கணக்கு சரியாக வந்தது. பிறகு கார்டின் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"சார், கேபினெட் சின்னது. இது மூணு விசிறி வச்ச நீளமான கார்டு. எடம் பாத்துக்கிட்டீங்களா? வேணும்னா நானே மாட்டிக் குடுத்துடறேனே."

எங்கள் வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அளவெடுத்துப் பொழைக்கிறவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது? பெட்டி முப்பத்து மூணு சென்டிமீட்டர். கார்டு முப்பதரை. ரெண்டரை மிச்சம். நாங்க ஒரு நூல் எடம் கிடைச்சாலே திருப்தியா மாட்டுவோம்."

கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டினேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மத்தியானம் வேலை மேஜையில் சுத்தமான துணி விரித்து, மதர்போர்டை வைத்து, பிராசஸரைப் பொருத்தினார். கைராசிக்காரர், ஒன்றும் சொல்வதற்கில்லை. திருகாணியெல்லாம் அவர் விரலுக்குக் கட்டுப்பட்டது. கடைசியில் கார்டு. ஒரு முனையை நுழைத்தார். மறுமுனை முன்பக்க விசிறியில் இடித்துக்கொண்டு நின்றது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து உள்ளே வைத்தார். இருபத்தொன்பது.

"முப்பத்து மூணுன்னு போட்டிருந்தானே" என்றார் மெதுவாக.

போட்டிருந்தது உண்மைதான், பெட்டியின் வெளி அளவாக. உலகத்தில் எல்லோருக்கும் ஒரு பெட்டியின் அளவு என்றால் அதன் வெளிப்புறம். எங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு சட்டம் என்றால் உள்ளே போகிற படம் பத்துக்குப் பன்னிரண்டு, சுற்றி மரம் எவ்வளவு வரும் என்பது எங்கள் பாடு. இருபத்திரண்டு வருஷமாக அளவு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் காதில் உள் அளவு என்றுதான் விழுகிறது. அந்த எண்ணை நான்கு கண்கள் படித்தன, நான்குக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு யார் வாங்கியிருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவர் சிரிக்கவில்லை, அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும். நீளம் குறைந்த கார்டு ஒன்றை மாற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் அது திங்கட்கிழமைதான் வருமாம்.

"திங்கக்கெழம எனக்கு எதுக்கு?" என்று இவர் போனை வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா முதல் தடவையா ஒண்ணு கேட்டுச்சு. அதைக்கூட நான் அளவு தப்பா எடுத்திருக்கேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் பாவம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. பெட்டியை என் பக்கம் இழுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கார்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் தேவை. வழியில் நிற்பது தகரம் அல்ல, விசிறி. அதன் தடிமன் இரண்டரை.

"என்னங்க, இந்த விசிறி உள்ளதான் இருக்கணுமா? வலைக்கு வெளிய நின்னு உள்ள காத்தடிச்சா ஆகாதா?"

"ஆகும்" என்றார் யோசித்துக்கொண்டே. "ஆனா வெளிய எது பிடிச்சுக்கும் அதை?"

கேட்டுவிட்டு அவரே என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சதுரமாக ஒரு பொருள், அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இந்தத் தெருவிலேயே அதற்கு இரண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது.

வெட்டி மிச்சமான துண்டுகள் கிடக்கிற பெட்டியில் கையை விட்டார். போதுமான நீளத்தில் அகப்பட்டது ஒன்றே ஒன்றுதான், தங்க முலாம் பூசி, ஓரத்தில் பூ வேலை செய்த மரம். யாரோ ஒரு பெரிய மனிதரின் உருவப்படத்துக்கு வாங்கியதில் மிச்சம். நான்கு மூலையும் வெட்டி, ஒட்டி, விசிறியை உள்ளே உட்கார வைத்து, வலையின் ஓட்டைகள் வழியாக நீளத் திருகாணி போட்டு முடுக்கினார். விரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு கம்பி வலை. ஒன்றரை மணி நேர வேலை. கார்டு உள்ளே போய் சொடுக்கென்று உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினார். தங்கச் சட்டத்துக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. இவ்வளவு அசட்டுத்தனமான அழகை நான் பார்த்ததில்லை. இனிமேல் அந்தக் கண்ணாடி கேபினெட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அண்ணி போனில் சொல்லச் சொல்ல, விளையாட்டை இறக்கத் தொடங்கினோம். இரண்டு மணி வரை இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் பெட்டியைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன்.

"என்னடா இது, தாத்தா படத்தை மாட்டின மாதிரி மாட்டி வச்சிருக்க? கும்பிடணுமா, ஓட்டணுமா?" என்று அண்ணி சிரித்த சிரிப்பு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொடங்கினார்கள். இவர் முதல் திருப்பத்திலேயே வைக்கோற்போரில் போய் விழுந்தார். இரண்டாவது திருப்பத்தில் திரும்பவும் விழுந்தார். அண்ணியின் சிவப்புக் கார் நின்று காத்திருந்து, இவர் வந்ததும் மறுபடி பறந்தது. "டிக்கெட் எடுத்துட்டியாடா?" "பிரேக்குனு ஒண்ணு இருக்கு தெரியுமா?" என்று கேலி ஒரு பக்கம். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பை வலதும் இடதுமாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது ரேஸில் இரண்டு பேரும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டார்கள். நேரான, நீளமான சாலை, ஒரு பக்கம் கடல்.

"பயமா இருக்குடா" என்றார் அண்ணி.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் டிவியைக் காட்டினேன், ஓட்டுங்கள் என்று.

"போன தடவ கண்ண முழிச்சப்ப ரூம்ல யாருமே இல்ல. எதிர்ல ஒரு கடிகாரம் மட்டும் இருந்துச்சு. அது ஓடுதா நின்னுபோச்சான்னு கூடக் கேக்க ஆளில்ல."

கார்கள் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, இரண்டு பேர் கண்ணும் சாலையில். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரு வருஷமாகப் போனில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"காலைல ஆறரைக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க" என்றார் அண்ணி. யாரும் கேட்கவில்லை. "பெரிய மணிக்கூண்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. ரெண்டாவது மாடி."

"சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்குக்கா" என்றார் இவர். "காலைல அஞ்சு மணிக்கெல்லாம் அங்க வந்து சேந்துடும். ஆறு மணிக்கு உன் கட்டில் பக்கத்துல இருப்பேன். கண்ண முழிக்கிறப்பவும் இருப்பேன்."

சிவப்புக் கார் வேகம் குறைந்து, சாலையோரத்தில் போய் நின்றது. இவரும் தன் காரைப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். முகத்தை எதிலோ அழுத்தித் துடைக்கிற சத்தம் கேட்டது. மற்ற கார்களெல்லாம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

நான் எழுந்துபோய் இவருடைய பையைத் தேடி எடுத்து, ஒரு வாரத்துக்கான சட்டைகளை மடித்து வைத்தேன்.